இரட்டைக் கணினித்திரைத் தாங்கி

இரட்டைக் கணினித்திரைத் தாங்கி என்பது இரண்டு கணினித்திரைகளை ஒரே தூணிலோ சட்டத்திலோ பொருத்தி, மேசைப் பரப்புக்கு மேலே உயர்த்திப் பிடிக்கும் துணைக்கருவி ஆகும். கடைகளில் இது 'டூயல் மானிட்டர் ஸ்டாண்ட்' எனப்படுகிறது. மடங்கி நீளும் கைகளைக் கொண்ட வகையை 'மானிட்டர் ஆர்ம்' என்கின்றனர். திரைகளுடன் வரும் இரு அடிப்பாகங்களும் மேசையிலிருந்து நீங்குவதால் எழுதவும் புத்தகம் வைக்கவும் இடம் கிடைக்கிறது. இரு திரைகளையும் ஒரே உயரத்தில், பார்வைக்கு ஏற்ற கோணத்தில் நிறுத்தவும் முடிகிறது.

வீட்டு மேசைக்கு இத்தாங்கியைத் தேர்வு செய்யும்போது மூன்றை அறிந்திருக்க வேண்டும்: திரையின் பின்புறத் துளைகள், திரையின் எடை, மேசையின் வலிமை. முதல் இரண்டும் தாங்கியின் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். மூன்றாவது எந்தப் பெட்டியிலும் இராது. வாங்குபவரே தம் மேசையைப் பார்த்து அறிய வேண்டியது அது. தாங்கி எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், அதைக் கவ்விக்கொண்டிருக்கும் பலகை நொறுங்கினால் இரு திரைகளும் சேர்ந்தே விழும்.

## வகைகள்

மேசையில் நிற்கும் முறையைக் கொண்டு இத்தாங்கிகள் நான்கு வகைப்படும்.

அடித்தட்டு வகை: அகலமான, கனமான இரும்புத் தட்டின்மேல் தூண் நிற்கும். மேசையில் துளையிடவோ கவ்வவோ தேவையில்லை. ஆனால் தட்டு மேசையில் இடத்தை அடைக்கும். திரைகளின் எடை தட்டின் எல்லைக்கு வெளியே சென்றால் தாங்கி கவிழும் என்பதால், இவ்வகையில் திரைகளை அதிகம் முன்னால் இழுக்க இயலாது.

கவ்வி வகை: மேசையின் பின் விளிம்பை மேலும் கீழுமாகக் கவ்விப் பிடிக்கும். 'கிளாம்ப்' எனப்படும் இதுவே வீடுகளில் பரவலாகப் பயன்படுகிறது.

துளை வகை: மேசையில் உள்ள துளை வழியாக ஒரு திருகைச் செலுத்தி அடியில் இறுக்குவது. கம்பிகள் செல்வதற்காக ஏற்கெனவே துளை இருந்தால் அதையே பயன்படுத்தலாம். அத்துளை தாங்கியின் தட்டைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்.

சுவர் வகை: சுவரில் நேரடியாகப் பொருத்தப்படுவது. மேசைக்குச் சுமையே இல்லை. சுவரில் துளையிட வேண்டும் என்பதால் வாடகை வீட்டில் உரிமையாளரின் ஒப்புதல் தேவைப்படும். பின்னர் மேசையை இடம் மாற்றினால் தாங்கி அங்கேயே நின்றுவிடும்.

கைகளின் அமைப்பைக் கொண்டு மூன்று வகைகள் உள்ளன. குறுக்குச் சட்ட வகையில் இரு திரைகளும் ஒரே கிடைச் சட்டத்தில் அருகருகே தொங்கும். மடிப்புக் கை வகையில் ஒவ்வொரு திரைக்கும் முழங்கைபோல் மடியும் தனிக் கை உண்டு. உயரத்தை மாற்ற, தூணில் உள்ள வளையத்தைத் தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டும். விற்கை வகையில் கைக்குள் உள்ள வில் திரையின் எடையைச் சமன் செய்வதால், விரலால் தள்ளினாலே திரை ஏறி இறங்கும். ஒரு முறை உயரத்தைச் சரிசெய்துவிட்டு அப்படியே பயன்படுத்துவோருக்கு முதல் இரண்டுமே போதுமானவை. ஒரே மேசையைப் பெரியவரும் சிறுவரும் மாறி மாறிப் பயன்படுத்தும் வீட்டில் விற்கை உதவும்.

## வெசா துளைகள்

திரையையும் தாங்கியையும் இணைப்பது திரையின் பின்புறமுள்ள நான்கு திருகுத் துளைகள் ஆகும். இவற்றின் இடைவெளியை நிர்ணயிப்பது வெசா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் காணொளி மின்னணுவியல் தரநிலைச் சங்கம். 1989-இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, தட்டைத் திரைகளைப் பொருத்துவதற்கான தரநிலையை 1997-இல் வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் திரையை வேறொரு நிறுவனத்தின் தாங்கியில் மாட்ட முடிவது இந்தத் தரநிலையால்தான்.

மேசைத் திரைகளில் இரண்டு அளவுகள் வழக்கில் உள்ளன. துளைகள் 75 மி.மீ. இடைவெளியில் சதுரமாக அமைந்தால் அது 75 × 75. தரநிலைப்படி 8 கிலோ வரை எடையுள்ள திரைகளுக்கு உரியது. 100 மி.மீ. இடைவெளியில் அமைந்தால் 100 × 100. 14 கிலோ வரை உரியது. இரண்டுக்கும் எம்4 எனப்படும் 4 மி.மீ. தடிமனுள்ள திருகுகளே பயன்படுகின்றன. பெரும்பாலான தாங்கித் தட்டுகளில் இரு அளவுக்கும் துளைகள் இருக்கும்.

திரையின் பின்புறத்தில் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, துளைகள் இருக்கின்றனவா என்பது. சில மெல்லிய திரைகளில் துளைகளே இருப்பதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஸ்டுடியோ டிஸ்ப்ளே திரையில், வெசா இணைப்பு வேண்டுமா என்பதை வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, துளைகள் பள்ளத்தில் உள்ளனவா என்பது. பள்ளத்தில் இருந்தால் தட்டு அவற்றைத் தொடாது. 'ஸ்பேசர்' எனப்படும் சிறு குழல்களும் அதற்கேற்ற நீளமான திருகுகளும் தேவை.

மூன்றாவது, திருகின் நீளம். பொதுவாக 10 அல்லது 12 மி.மீ. நீளத் திருகுகள் பொருந்தும். தேவைக்கு மேல் நீளமான திருகை வலிந்து முறுக்கினால் அது திரையின் உட்பாகத்தைக் குத்திச் சேதப்படுத்தும்.

## எடையும் அகலமும்

தாங்கியின் பெட்டியில் '27 அங்குலம் வரை, ஒரு கைக்கு 8 கிலோ' என்பது போன்ற குறிப்பு இருக்கும். இவை இரண்டும் வெவ்வேறு வரம்புகள். எடை வரம்பு கையின் வலிமையைக் குறிக்கிறது. அங்குல வரம்பு, இரு திரைகள் ஒன்றோடொன்று இடிக்காமல் அருகருகே நிற்கக் கை எட்டுமா என்பதைக் குறிக்கிறது. ஒன்றில் தேறிய திரை மற்றொன்றில் தேறாமல் போகலாம். குறிப்பாக, வளைந்த அகலத் திரைகள் இரு வரம்புகளையும் எளிதில் மீறிவிடும்.

எடையைப் பார்க்கும்போது திரையின் விவரக் குறிப்பில் 'அடிப்பாகம் இல்லாமல்' என்று உள்ள எண்ணையே கொள்ள வேண்டும். அடிப்பாகம் கழற்றப்படுவதால் அதன் எடை தாங்கிக்கு வருவதில்லை. 24 அங்குலத் திரைகள் பெரும்பாலும் 3 முதல் 4 கிலோவும், 27 அங்குலத் திரைகள் 4 முதல் 6 கிலோவும் இருக்கும்.

அகலத்தைக் கணக்கிடுவது எளிது. திரையின் அங்குல அளவு மூலைக்கு மூலை அளந்தது. 16:9 விகிதத் திரையில் அகலம் அதில் ஏறத்தாழ 87 விழுக்காடு. ஓரச் சட்டத்தையும் சேர்த்தால் தோராயமான அகலங்கள் வருமாறு:

- 24 அங்குலம்: 54 செ.மீ.; இரண்டு சேர்ந்தால் 108 செ.மீ.
- 27 அங்குலம்: 61 செ.மீ.; இரண்டு சேர்ந்தால் 122 செ.மீ.
- 32 அங்குலம்: 72 செ.மீ.; இரண்டு சேர்ந்தால் 144 செ.மீ.

நான்கு அடி மேசையின் நீளமும் 122 செ.மீ. தான். அதில் இரண்டு 27 அங்குலத் திரைகளை நேராக நிறுத்தினால் மேசை முழுவதும் திரையாகிவிடும். உள்நோக்கிச் சற்றுத் திருப்பினால் அகலம் சில செ.மீ. குறையும். தூண் நடுவில் இருக்கும்போது ஒவ்வொரு திரையின் மையமும் தூணிலிருந்து திரையகலத்தில் பாதித் தொலைவில் நிற்கும். எனவே இரண்டு 27 அங்குலத் திரைகளுக்குக் கை பக்கவாட்டில் குறைந்தது 31 செ.மீ. எட்ட வேண்டும்.

## மேசையின்மேல் விழும் விசை

இரண்டு திரைகளும் சேர்ந்து 10 கிலோ இருந்தால் மேசை 10 கிலோவைத் தாங்கினால் போதும் என்று தோன்றலாம். பள்ளி இயற்பியலில் வரும் திருப்புத்திறன் வேறு கணக்கைச் சொல்கிறது. விசையையும், விசை செயல்படும் கோட்டுக்கும் சுழல்புள்ளிக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தொலைவையும் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன்.

கைகளை முழுவதும் நீட்டி, இரு திரைகளையும் தூணிலிருந்து 50 செ.மீ. முன்னால் நிறுத்துவதாகக் கொள்வோம். 10 கிலோவின் எடை 98 நியூட்டன், 0.5 மீட்டரால் பெருக்கினால் திருப்புத்திறன் 49 நியூட்டன் மீட்டர். இதை எதிர்த்து நிற்பது கவ்வி மட்டுமே. கவ்வியின் முன்முனை மேசையைக் கீழே அழுத்தும். அதன் அடித்தாடை பலகையை மேலே தள்ளும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடையே 10 செ.மீ. இருந்தால் ஒவ்வொன்றிலும் 490 நியூட்டன் விசை விழும். அது 50 கிலோ எடைக்கு, அதாவது ஒரு முழு சிமென்ட் மூட்டைக்குச் சமம். அந்தச் சுமையை ஏற்பது உள்ளங்கை அளவுள்ள இடம். திரைகளைத் தூணிலிருந்து 20 செ.மீ. தொலைவுக்குப் பின்னால் தள்ளினால் இதே விசை 20 கிலோ எடை அளவுக்குக் குறைந்துவிடும்.

ஆகவே மேசையின் மேற்பலகை எதனால் ஆனது என்பது முக்கியமாகிறது.

கெட்டி மரமும் 18 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்த பிளைவுட்டும் இந்த விசையை நன்கு தாங்கும். மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டு தாங்கும். ஆனால் ஈரம் பட்டு உப்பிய பலகையும், விளிம்பில் ஏற்கெனவே உதிரத் தொடங்கிய பலகையும் தாங்கா. எம்.டி.எஃப். பலகைக்கும் இது பொருந்தும். இப்பலகைகளில் கவ்விக்கு மேலும் கீழும் அகலமான இரும்புத் தட்டு ஒன்றை வைத்தால் விசை பரந்த இடத்தில் பரவி, பலகை நசுங்குவது தடுக்கப்படும். இத்தட்டுகள் 'வலுவூட்டும் தட்டு' என்று தனியாகவே விற்கப்படுகின்றன.

உள்ளே தேன்கூடு போன்ற அட்டை நிரப்பப்பட்ட பலகைகள் தடிப்பாகத் தோன்றும். தூக்கினால் எடை குறைவாக இருக்கும். நடுவில் தட்டினால் வெற்றொலி எழும். இவற்றில் கவ்வியை இறுக்கினால் மேற்பரப்பு உள்வாங்கும். வலுவூட்டும் தட்டு இல்லாமல் இத்தகைய மேசைகளில் கவ்வி வகையைப் பொருத்தக் கூடாது.

கண்ணாடி மேசையில் கவ்வி வகையும் துளை வகையும் தவிர்க்கப்பட வேண்டியவை. ஒரு புள்ளியில் குவியும் அழுத்தத்தில் கண்ணாடி முன்னறிவிப்பின்றி உடையும். அடித்தட்டு வகையோ சுவர் வகையோதான் அதற்கு ஏற்றது.

மேசையின் அமைப்பும் தடையாகலாம். பின் விளிம்புக்கு அடியில் இரும்புச் சட்டமோ, இழுப்பறைப் பெட்டியோ, கால்களை மறைக்கும் பலகையோ இருந்தால் கவ்வியின் அடித்தாடை நுழையாது. வாங்குவதற்கு முன் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்து, பின் விளிம்பிலிருந்து எத்தனை செ.மீ. காலியாக உள்ளது என்பதையும் பலகையின் தடிப்பையும் அளந்து, தாங்கியின் குறிப்போடு ஒப்பிட வேண்டும். மேசையின் கால்கள் ஏற்கெனவே ஆடினால், உயரத்தில் தொங்கும் திரைகள் ஒவ்வொரு தட்டச்சுக்கும் நடுங்கும். தாங்கியை மாற்றி அதைச் சரிசெய்ய இயலாது.

## சுவரோர மேசை

வீடுகளில் மேசை பெரும்பாலும் சுவரை ஒட்டியே கிடக்கும். இங்கு மடிப்புக் கை வகைக்கு ஒரு சிக்கல் உண்டு. கை மடங்கும்போது அதன் முழங்கை பின்னோக்கிப் போகும்.

இரு பகுதிகளும் 22 செ.மீ. நீளமுள்ள ஒரு கையை எடுத்துக்கொள்வோம். 24 அங்குலத் திரையின் மையம் தூணுக்குப் பக்கவாட்டில் 27 செ.மீ. தொலைவில், தூணுக்கு நேராக நிற்க வேண்டுமானால், முழங்கை தூணுக்குப் பின்னே ஏறத்தாழ 17 செ.மீ. நீள வேண்டும். சுவர் அதை விடாது. திரையை 15 செ.மீ. முன்னால் கொண்டுவந்தால் முழங்கை பின்னே 6 செ.மீ. அளவே போகும். அதாவது, இடத்தை மிச்சப்படுத்த வாங்கிய தாங்கியே சுவரோரத்தில் திரையைக் கண்ணுக்கு அருகே தள்ளிவிடுகிறது.

75 செ.மீ. ஆழமுள்ள மேசையில் இது பொருட்டல்ல. 60 செ.மீ. ஆழமுள்ள மேசையில் கண்ணுக்கும் திரைக்கும் இடையே அரை மீட்டர் எஞ்சுவதே கடினமாகும். அதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன: மேசையைச் சுவரிலிருந்து 10 முதல் 15 செ.மீ. நகர்த்திப் போடுவது, அல்லது முழங்கையே இல்லாத குறுக்குச் சட்ட வகையைத் தேர்வு செய்வது.

## உயரமும் பார்வைக் கோணமும்

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பணிப் பாதுகாப்பு, நலவாழ்வு நிருவாகம், திரை கண்ணிலிருந்து 50 முதல் 100 செ.மீ. தொலைவிலும், அதன் மையம் கண் மட்டத்திலிருந்து 15 முதல் 20 பாகை கீழேயும் இருக்க அறிவுறுத்துகிறது.

75 செ.மீ. உயர மேசையில் நிமிர்ந்து அமர்ந்திருப்பவரின் கண், மேசைப் பரப்பிலிருந்து ஏறத்தாழ 40 முதல் 45 செ.மீ. மேலே இருக்கும். 42 செ.மீ. எனக் கொண்டால், 32 செ.மீ. உயரமுள்ள 24 அங்குலத் திரையின் மையம் மேசையிலிருந்து 26 செ.மீ. உயரத்தில் அமைய வேண்டும். 42 செ.மீ. உயரமுள்ள 32 அங்குலத் திரையோ மேசையைத் தொட்டபடி நின்றாலே மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வந்துவிடும். பெரிய திரைக்கு உயரமான தூண் வேண்டும் என்ற எண்ணத்துக்கு மாறாக, சிறிய திரையே அதிகம் உயர்த்தப்பட வேண்டியது.

இரு குவியக் கண்ணாடி அணிபவர் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்ப்பதால், திரையை இன்னும் தாழ்த்தி, மேல்நோக்கிச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். இல்லையேல் நாள் முழுவதும் தலையைப் பின்னால் சாய்க்க நேர்ந்து கழுத்து வலிக்கும்.

இரு திரைகளையும் சம அளவில் பயன்படுத்துவோர், இரண்டும் சேரும் இடம் மூக்குக்கு நேரே வருமாறு, விரித்த புத்தகம்போல் உள்நோக்கித் திருப்பி வைக்கலாம். ஒன்றையே பெரும்பாலும் பார்ப்பவர் அதைத் தமக்கு நேரே வைத்து, மற்றதைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். இல்லையெனில் கழுத்து எப்போதும் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். இத்தகையோருக்கு, இரு திரைகளையும் நடுத்தூணுக்கு இருபுறமும் சமமாகப் பிரித்து நிறுத்தும் குறுக்குச் சட்டம் பொருந்தாது. தனித்தனிக் கைகளே ஏற்றவை.

## விற்கை இயங்கும் முறை

விற்கையின் அடிப்படை கணினிக்கு முந்தையது. இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன் 1930-களின் தொடக்கத்தில் வடிவமைத்த 'ஆங்கிள்பாய்ஸ்' மேசை விளக்கில், சுருள்விற்கள் விளக்கின் எடையைச் சமன் செய்து, விட்ட இடத்தில் அதை நிறுத்தின. இன்றைய திரைக் கைகளும் அதே கோட்பாட்டில் இயங்குகின்றன. பலவற்றில் சுருள்வில்லுக்குப் பதிலாக, அழுத்தப்பட்ட வாயு அடைத்த உருளை உள்ளது. கடைகளில் இது 'கேஸ் ஸ்பிரிங்' எனப்படும். இணைகர வடிவில் அமைந்த கைச்சட்டங்கள், திரை ஏறி இறங்கும்போது அது சாயாமல் நேராக இருக்கச் செய்கின்றன.

வில்லின் விசை திரையின் எடைக்குச் சமமாக இருந்தால்தான் திரை நிற்கும். எனவே விற்கைக்கு மேல் வரம்பு மட்டுமன்றிக் கீழ் வரம்பும் உண்டு. '2 முதல் 9 கிலோ' எனக் குறிக்கப்பட்ட கையில் 1.5 கிலோ எடையுள்ள கையடக்கத் திரையை மாட்டினால் அது மேலேறிவிடும். வரம்புக்கு உட்பட்ட எடைக்கு, உடன் வரும் ஆலன் கீயால் வில்லின் இறுக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

திரை மாட்டப்படாத விற்கை ஆபத்தானது. தாழ்ந்த நிலையில் உள்ள கையிலிருந்து திரையைக் கழற்றினால், எதிர் எடை இல்லாத கை விசையுடன் மேலே துள்ளி முகத்தில் அடிக்கும். கழற்றும் முன் கையை அதன் உச்ச நிலைக்கு உயர்த்திவிட வேண்டும்.

## பொருத்துதல்

முதலில் தூணை மேசையில் நிறுவி, கவ்வியை இறுக்கி, கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பின்னர் கைகளை மாட்டி, கடைசியாகத் திரைகளைப் பொருத்த வேண்டும். திரையைப் பொருத்த இருவர் தேவை: ஒருவர் பிடிக்க, மற்றவர் திருகுவார். நான்கு திருகுகளையும் முதலில் தளர்வாக ஏற்றிவிட்டு, பிறகு மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குவது நல்லது.

கம்பிகளைக் கட்டுவதற்கு முன், திரையை அதன் எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்திப் பார்க்க வேண்டும். முழங்கை அருகில் கம்பி தளர்வாக இல்லாவிட்டால், கையை நீட்டும்போது அது திரையின் இணைப்பு முனையை இழுத்துச் சேதப்படுத்தும். முதல் சில வாரங்களில் பலகை சற்று அமுங்குவதால் கவ்வி தளரக்கூடும்; மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும்.

## ஓர் எடுத்துக்காட்டு

120 × 60 செ.மீ. அளவுள்ள மேசை, 18 மி.மீ. பிளைவுட், சுவரோரம் உள்ளது. இரண்டு 24 அங்குலத் திரைகள். அடிப்பாகம் இன்றித் தலா 3.5 கிலோ, துளைகள் 100 × 100. பயன்படுத்துபவர் ஒருவரே, இரு திரைகளையும் சமமாகப் பார்ப்பவர்.

108 செ.மீ. அகலம் மேசைக்குள் அடங்குகிறது. பலகை கவ்வியைத் தாங்கும். எடை எந்த வகைக்கும் வரம்புக்கு உட்பட்டது. ஆழம் 60 செ.மீ. என்பதாலும் மேசையை நகர்த்த இயலாது என்பதாலும் முழங்கைக் கை பொருந்தாது. உயரம் அடிக்கடி மாறப்போவதில்லை என்பதால் விற்கை தேவையில்லை. ஆகவே விலை குறைந்த குறுக்குச் சட்டக் கவ்வித் தாங்கியே இம்மேசைக்கு ஏற்றது.

## தாங்கி தேவைப்படாத இடங்கள்

திரைகளுடன் வந்த அடிப்பாகங்களே உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உடையவையாக இருந்து, மேசையில் இடமும் போதுமானால் தனித் தாங்கி தேவையில்லை. உயரம் மட்டுமே குறை எனில், அகலமான மரப்பலகை மேடை ஒன்றை அடியில் வைத்தால் அக்குறை தீரும். கண்ணாடி மேசை, ஆடும் மேசை, உப்பிய பலகை ஆகியவற்றை உடையோர், தாங்கிக்குச் செலவிடும் முன் மேசைக்குச் செலவிடுவதே முறை.